ஒரே தளத்தில் களஞ்சிய பாணி வீடு: எல்லோரும் புழங்கும்படி வரைவது எப்படி?

ஒரு கெட்டி அட்டையில் 30 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். கூடவே 15-க்கு 24 மி.மீ. அளவில் ஒரு செவ்வகம். 1:50 அளவில் வரைந்த ப்ளான் மேல் அந்தச் செவ்வகம்தான் சக்கர நாற்காலி. வட்டம், அந்த நாற்காலி நின்ற இடத்திலேயே முழுதாகத் திரும்ப வேண்டிய இடம். நிஜத்தில் அது 1500 மி.மீ., ஏறக்குறைய ஐந்து அடி. வாசலில் தொடங்கி கட்டில், கழிப்பறை, அடுப்பு, துணி அலமாரி என்று செவ்வகத்தை விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் வட்டத்தை வைத்துப் பாருங்கள். நான் பார்க்கும் முதல் ப்ளான்களில் பெரும்பாலானவை கழிப்பறை வாசலிலேயே மாட்டிக்கொள்ளும்.

களஞ்சிய பாணி (பார்ன் ஸ்டைல்) வீடு கேட்டு வருகிறவர்கள், "மாடியே இல்லையே, பெரியவர்களுக்கு இனி என்ன சிக்கல்?" என்று நிம்மதியாக இருப்பார்கள். ஒரே தளம் என்பது வேறு, ஒரே மட்டம் என்பது வேறு. மாடிப்படி இல்லாத வீட்டிலும் வாசலில் ஒரு படி, குளியலறையில் ஒரு மேடு, பின்கட்டில் ஒரு பள்ளம் என்று மூன்று இடத்தில் கால் தடுக்கும். இந்தப் பாணியில் நம் கண்ணைக் கவர்கிற உயரக் கூரை, தள்ளுகதவு, பெரிய கண்ணாடி, நீளமான உடல் ஆகிய ஒவ்வொன்றும் புழங்குவதற்கு உதவியாகவும் இருக்கும், இடைஞ்சலாகவும் இருக்கும். எது எப்போது எப்படி என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் ஆட்களை எழுதுங்கள்

அறைகளின் பட்டியலுக்கு முன்னால் ஆட்களின் பட்டியல். இன்று யார் இருக்கிறார்கள், பத்து வருடம் கழித்து அவர்கள் எப்படி இருப்பார்கள், வாக்கர் பிடித்து நடப்பவர் யார், காது மந்தமானவர் யார், இரவில் கண் சரியாகத் தெரியாதவர் யார். சக்கர நாற்காலி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்: கை வைக்கும் இடத்தோடு சேர்த்து அகலம், உட்கார்ந்த நிலையில் முழங்கால் உயரம், எம்பாமல் கை எட்டும் உயரம். கட்டிலுக்கோ கழிப்பறை இருக்கைக்கோ மாறும்போது அவருக்கு எந்தப் பக்கம் வசதி, இடமா வலமா என்றும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு வரைந்த குளியலறையை நான் ஒருமுறை மொத்தமாகத் திருப்பிப் போட வேண்டி வந்தது. கைப்பிடிகள் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன, அவர் பயன்படுத்த முடியாத பக்கத்தில்.

இங்கே நான் சொல்லும் அளவுகளில் பல, அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை (ஏடிஏ, 1990) ஒட்டிய வடிவமைப்பு விதிகளில் உள்ளவை. அவை பொதுக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டவை, சொந்த வீட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்கு நல்ல தொடக்கப்புள்ளி. அனுமதி வாங்கும் இடத்தின் விதி வேறாக இருந்தால் அதுதான் செல்லும்.

சட்டம் வந்த பிறகுதான் இப்படியெல்லாம் யோசித்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, பிறகு சக்கர நாற்காலியோடு வாழ்ந்த ஒருவருக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த லாரன்ட் வீடு இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் 1952-ல் முடிந்தது. ஒரே தளம், அகலமான வழிகள். ஏடிஏவுக்கு 38 வருடம் முந்தியது அது. மருத்துவமனை வாடை அடிக்காமல் இப்படி ஒரு வீடு கட்ட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

களஞ்சியத்தின் எலும்புக்கூடு

வடிவம் எளிது: நீண்ட செவ்வகம், இருபக்கமும் சரியும் கூரை, இரு முனையிலும் முக்கோண முகப்பு. உள்ளே சம இடைவெளியில் தூண்கள் அல்லது ட்ரஸ்கள் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள்). இரண்டு தூண் வரிசைக்கு நடுவில் உள்ள இடத்தை ஒரு கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு ஒரு கண்ணி, மொத்தம் 6 கண்ணி, அகலம் 30 அடி என்றால் 72-க்கு 30, அதாவது 2160 சதுர அடி. ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

கூரைச் சரிவை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் உயரமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 30 அடி அகலத்தில் பாதி 15 அடி. 12-க்கு 8 சரிவு (12 அடி கிடையாகப் போனால் 8 அடி ஏறுவது) என்றால் சுவரின் தலையிலிருந்து முகடு 10 அடி மேலே நிற்கும். சுவர் 9 அடியாக இருந்தால் முகடு 19 அடி. 12-க்கு 12 போனால் 24 அடி. படத்தில் கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் ஒரு பல்பு போனால் யார் மாற்றுவது? 12-க்கு 6-க்கும் 8-க்கும் இடையில் நிறுத்திக்கொள்வதுதான் என் பழக்கம். களஞ்சியம் என்று பார்த்ததும் தெரியும், உள்ளே ஆளும் தொலைந்துபோக மாட்டார்.

கூடம் நடுவில் வரட்டும்

இந்த இடத்தில்தான் பலரோடு எனக்கு வாக்குவாதம் வரும். பத்திரிகைப் படங்களில் கூடம் ஒரு முனையில் இருக்கும், முக்கோண முகப்பு முழுக்கக் கண்ணாடியோடு. அப்படி வைத்தால் படுக்கையறைகள் எல்லாம் மறுபக்கம் வரிசையாகப் போய்விடும். 72 அடி வீட்டில் கூடத்துக்கு இரண்டு கண்ணி போக, மீதி 48 அடிக்கு ஒரு நடைவழி. முழங்கால் வலியோடு இருப்பவருக்கு 48 அடி ஒரு தெரு. தண்ணீர் குடிக்க எழுந்தவர் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கூடத்தையும் சமையலறையையும் நடு இரண்டு கண்ணியில் வையுங்கள். இடப்பக்கம் இரண்டு கண்ணியில் பெரியவர்களின் படுக்கையறை, குளியலறை, துணி துவைக்கும் இடம். வலப்பக்கம் இரண்டு கண்ணியில் மற்ற அறைகள். எந்தப் பக்கமும் நடைவழி 24 அடிக்கு மேல் போகாது. அது 4 அடி அகலம் இருக்கட்டும். 3 அடியில் நாற்காலி போகும், ஆனால் எதிரில் ஒரு குழந்தை வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.

பழைய களஞ்சியங்களும் இப்படித்தான் இருந்தன என்பது வேடிக்கையான ஒற்றுமை. இங்கிலாந்தின் கதிரடிக்கும் களஞ்சியங்களில் நடுவில் களம், அதன் இரு பக்கமும் எதிரெதிரே பெரிய கதவுகள். இரண்டையும் திறந்தால் காற்று குறுக்கே பாய்ந்து பதரை அடித்துக்கொண்டு போகும். கதிரும் தானியமும் களத்துக்கு இருபுறமும் இருக்கும். நம் கூடத்துக்கும் எதிரெதிரே இரண்டு அகலக் கதவு வைத்தால் அதே காற்று வரும், வெளியேற இரண்டு வழியும் கிடைக்கும். முகப்புக் கண்ணாடியை விட்டுக்கொடுத்ததற்கு இது நல்ல ஈடு.

பெரியவர்களின் படுக்கையறைக்கு வெளியே போக நேராக ஒரு கதவு வேண்டும். தீ, புகை என்று வந்தால் அவர்கள் கூடத்தைத் தாண்டி ஓட முடியாது.

உயரக் கூரை எங்கே, தாழ்ந்த கூரை எங்கே

வீடு முழுக்கக் கூரையைத் திறந்து வைக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். சரிவுக் கூரையின் கைமரங்கள் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கீழே குறுக்கே போகும் மரம் அந்தத் தள்ளலைப் பிடித்து வைக்கிறது. உள்ளே தடையில்லாமல் முகடு வரை தெரிய வேண்டும் என்று குறுக்கு மரங்களை எடுத்துவிட்டால், பாரத்தைத் தாங்க முகட்டில் ஒரு தனி உத்திரமும் அதற்குக் கீழே தூண்களும் வேண்டும், அல்லது அதற்கென்றே கணக்கிட்ட ட்ரஸ். இதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆசாரி அல்ல.

கூடத்துக்கு மட்டும் உயரக் கூரை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் 9 அடியில் தட்டையான சீலிங். காரணம் அழகு இல்லை. நாளைக்கு ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கி இருக்கைக்குக் கொண்டுபோகச் சீலிங்கில் தண்டவாளம் போட்டு லிஃப்ட் மாட்ட வேண்டி வந்தால், தட்டையான சீலிங்கில் அது எளிது. 19 அடி சரிவில் பெரும்பாடு. கட்டிலுக்கு மேலே தொடங்கி குளியலறை வரை அந்தத் தண்டவாளம் போகும் கோட்டை ப்ளானில் இப்போதே குறித்து, அந்த இடத்து மரம் ஆளும் கருவியும் சேர்ந்த எடையைத் தாங்கும்படி எஞ்சினியரிடம் சொல்லிவையுங்கள். இன்று அதில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

கூடத்தின் உயரம் இன்னொரு தொல்லையும் தரும்: எதிரொலி. வழவழப்பான தரை, கண்ணாடி, மரப்பலகை, மேலே 19 அடி வெற்றிடம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால், காதுக் கருவி போட்டிருப்பவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். சரிவின் உள்பக்கத்தில் துளையிட்ட மரப்பலகையும் அதன் பின்னால் கனிமக் கம்பளியும் போட்டால் சத்தம் உறிஞ்சப்படும். கூரை உலோகத் தகடு என்றால் தகட்டுக்குக் கீழே பலகைத் தளமும் கம்பளியும் எப்படியும் வேண்டும், மழைச் சத்தத்துக்காக. தகட்டின் அடியில் ஈரம் கோத்துச் சொட்டாமலிருக்கக் காற்றோட்ட இடைவெளி விடுவதையும் மறக்க வேண்டாம். விளக்குகளை முகட்டில் தொங்கவிடாமல் சுவரிலோ குறுக்கு உத்திரத்திலோ பொருத்துங்கள்.

வாசல்: ஆறு அங்குலச் சண்டை

இந்த வீட்டில் ஆகக் கடினமான இடம் இதுதான், அதனால் நின்று பார்ப்போம்.

களஞ்சிய பாணி வீட்டின் சுவருக்கு வெளியே மரப்பலகை அல்லது தகடு போர்த்தியிருக்கும். மரம் மண்ணைத் தொட்டால் உளுத்துப்போகும். அதனால் போர்வையின் அடிவிளிம்பு மண்ணுக்கு மேல் குறைந்தது 6 அங்குலமாவது நிற்க வேண்டும். வீட்டின் தரையும் அதற்கேற்ப உயர்ந்துவிடும். ஆனால் வாசலில் நமக்கு வேண்டியது, உள்ளும் வெளியும் ஒரே மட்டம். வீட்டைச் சுற்றி 6 அங்குலம் பள்ளம், வாசலில் மட்டும் சமம்: இதுதான் சண்டை.

தீர்வு, வீட்டைத் தாழ்த்துவதில்லை; வாசலுக்கு வரும் வழியை உயர்த்துவது. 1:20 சரிவில் 6 அங்குலம் ஏற 10 அடி போதும். 20-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இல்லாத பாதையை ஏடிஏ விதிகள் சாய்தளமாகவே கணக்கில் எடுப்பதில்லை, சாதாரண நடைபாதைதான். கைப்பிடிக் கம்பி கேட்காது, பார்ப்பதற்கும் சாய்தளம் மாதிரி இருக்காது. விருந்தினர், தபால்காரர், சைக்கிள் ஓட்டும் பிள்ளை எல்லோரும் அதே வழியில் வருவார்கள். 'மாற்றுத்திறனாளி வழி' என்று தனியாக ஒன்று தேவைப்படாது. மனை சரிவாக இருந்து ஒன்றரை அடி ஏற வேண்டியிருந்தால், 1:20-ல் 30 அடி பாதை வேண்டும். 1:12 என்றால் 18 அடி. 1:12 என்பது மேல் வரம்பு, இலக்கு அல்ல. கையால் சக்கரத்தைத் தள்ளி அதில் ஒருமுறை ஏறிப் பார்த்தால் தெரியும்.

பாதை வாசலைத் தொடும் இடத்தில் 5-க்கு 5 அடி சமதளம். கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளாமல் இருக்க அது. சமதளத்துக்கும் கதவுக்கும் நடுவில், கதவின் முழு அகலத்துக்கும் ஒரு நீர்க்கால்வாய், மேலே கிராதி. கிராதியின் துளை அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளத் துளைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரமும் ஊன்றுகோல் முனையும் அதில் இறங்கிவிடும். நிலைப்படி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் விளிம்பு சரித்துச் சீவியதாக. கால்வாய்த் தண்ணீர் எங்கே போய் விழும் என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். இதற்கெல்லாம் மேலே, கூரையை ஐந்தாறு அடி வெளியே நீட்டித் தாழ்வாரம் ஆக்கிவிட்டால் கால்வாய்க்கு வேலையே குறைந்துவிடும். கார் நிறுத்தும் இடமும் அதே கூரையின் கீழ் வரட்டும், காரின் ஒரு பக்கம் 5 அடி காலியாக.

தள்ளுகதவு மயக்கம்

மேலே தண்டவாளம், கருப்புச் சக்கரம், குறுக்குச் சட்டம் போட்ட கதவு. இந்தப் பாணியின் முத்திரையே அதுதான். திறக்க இடம் பிடிக்காது, நாற்காலியில் இருப்பவர் கதவு விலக வழிவிட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை. நல்லது. ஆனால் சுவரை ஒட்டாமல் தொங்குவதால் சத்தமும் வாடையும் வெளியே வரும். குளியலறைக்கு அதைப் போட்டுவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. துணி அறை, படிப்பறை, சமையலறைச் சரக்கறை ஆகியவற்றுக்குப் போடுங்கள். குளியலறைக்கு, வெளியே திறக்கும் கீல் கதவே மேல். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் வெளியிலிருந்து திறக்கலாம்.

தள்ளுகதவின் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கையில் அகப்படும் வளைவுக் கைப்பிடி 4 அங்குலம் இடம் பிடிக்கும். கதவு அவ்வளவு மீதி வைத்துத்தான் நிற்கும். 36 அங்குலம் வழி வேண்டுமென்றால் திறப்பு 40 வேண்டும், இரு பக்கமும் 2 அங்குலம் மூட கதவு 44, தண்டவாளம் 88 அங்குலம். பக்கத்தில் அவ்வளவு வெற்றுச் சுவர் இருக்கிறதா? அந்தச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கக் கூடாது. குழிவான கைப்பிடி போட்டால் இடம் மிஞ்சும், ஆனால் விரல் மடங்காதவருக்கு அது பயன்படாது.

கீல் கதவுகளில் 32 அங்குலம் தெளிவான வழி குறைந்தபட்சம். கதவு 90 பாகை திறந்திருக்கும்போது அதன் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளப்பதுதான் தெளிவான வழி. 32 அங்குலக் கதவு வாங்கினால் 32 கிடைக்காது, 36 வாங்குங்கள். குமிழ்ப் பிடி வேண்டாம், முழங்கையாலும் அழுத்தும்படியான நீளப் பிடி. எல்லோரும் மறப்பது: நம் பக்கம் இழுத்துத் திறக்கும் கதவில், பிடி இருக்கும் பக்கம் நிலைக்கு அப்பால் 18 அங்குலச் சுவர் காலியாக வேண்டும். நாற்காலியை அங்கே ஒதுக்கி நிறுத்திக்கொண்டுதான் கதவை இழுக்க முடியும்.

குளியலறை

ஷவர் பகுதிக்கு மேடும் வேண்டாம், தடுப்பும் வேண்டாம். கான்கிரீட் போடும்போதே குளியலறைத் தளத்தை இறக்கிப் போட்டுவிட்டால் (சன்க்கன் ஸ்லாப்) டைல்ஸ் ஒட்டிய பிறகு வெளித்தரையோடு சமமாக வரும். பிறகு செய்யலாம் என்றால் முடியாது. வாட்டம் 1:50 போதும்: 1500 மி.மீ. நீளத்துக்கு 30 மி.மீ. இறக்கம். சுவர் ஓரமாக நீளமான வடிகால் வைத்தால் வாட்டம் ஒரே திசையில் இருக்கும். நடுவில் வட்ட வடிகால் என்றால் நாலா பக்கமும் சரிந்து நாற்காலி ஆடும்.

கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம், அதன் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 16 முதல் 18 அங்குலம். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம், கம்பிக்கும் சுவருக்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி. கம்பி 250 பவுண்டு, அதாவது 113 கிலோ தாங்க வேண்டும் என்பது கணக்கு. செங்கல் சுவர் இதைத் தாங்கும். ஆனால் களஞ்சிய பாணி வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் சட்டமும் பலகையும்தான்; கம்பியைப் பலகையில் திருகினால் ஆளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் சுவரை மூடும் முன்பு, கழிப்பறை, ஷவர் ஆகிய இடங்களில் சட்டங்களுக்கு நடுவே 18 மி.மீ. ப்ளைவுட் பதித்துவிடுங்கள். இப்போது கம்பி தேவையில்லை என்றாலும் பதியுங்கள். டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், எது எங்கே இருக்கிறது என்று பின்னால் தேடாமல் இருக்க.

சமையலறை

இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். மேடையின் ஒரு பகுதியை மட்டும் 34 அங்குலத்துக்கு மிகாமல் இறக்கி, அடியில் 27 அங்குலம் முழங்கால் இடம் விடுங்கள். தொட்டி அங்கேயே இருந்தால் வெந்நீர்க் குழாய்க்கு உறை போடுங்கள். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுட்டது தெரியாது. கீழ் அலமாரிகளில் கதவுக்குப் பதில் இழுப்பறைகள். அடுப்பின் திருகுகள் முன்பக்கம், கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே கை நீட்டாமல் இருக்க. 'ப' வடிவ மேடையானால் நடுவில் 5 அடி.

வெளிச்சமும் நிறமும்

வெள்ளைச் சுவர், கருப்பு ஜன்னல் சட்டம் என்ற வழக்கமான களஞ்சிய நிறம், பார்வை மங்கியவருக்கு உண்மையிலேயே உதவும்: எது சுவர், எது திறப்பு என்று தெரிகிறது. ஆனால் அதே வெள்ளை குளியலறைக்குள் போனால் வினை. வெள்ளைச் சுவரில் வெள்ளை இருக்கை, வெள்ளைக் கம்பி. அங்கே இருக்கைக்குப் பின்னால் உள்ள சுவரையாவது அடர்நிறமாக்குங்கள்.

முக்கோண முகப்பில் பெரிய கண்ணாடி வைத்தே தீருவேன் என்றால், கண்ணாடியைக் கூரை விளிம்பிலிருந்து ஐந்து அடி உள்ளே தள்ளுங்கள். பக்கச் சுவர்களுக்கு இறவாரம் நிழல் தரும், முகப்புக்கு அது கிடையாது. தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஜன்னலின் அடிமட்டம் இரண்டு, இரண்டரை அடியில் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டமான மூன்றேமுக்கால் அடிக்கு அருகில் குறுக்குச் சட்டம் போகக் கூடாது. ஸ்விட்சுகள் 3 முதல் மூன்றரை அடியில், ப்ளக் பாயின்ட் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே வேண்டாம்.

கட்டத் தொடங்கும் முன், கட்டும்போது

ப்ளான் முடிந்ததும் மனையிலோ காலி மைதானத்திலோ சுண்ணாம்புக் கோட்டில் படுக்கையறை, குளியலறை, வாசல் மூன்றையும் நிஜ அளவில் போடுங்கள். ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி நீங்களே உட்கார்ந்து சுற்றுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் நிஜக் கட்டிலின் அளவுக்கு அட்டை விரித்துவிடுங்கள். அறை பெரிதாகத்தான் இருக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை நடக்கும்போது மூன்று நாட்கள் நீங்கள் கட்டாயம் நேரில் இருக்க வேண்டும். தளக் கான்கிரீட் போடும் நாள்: குளியலறை இறக்கமும் வாசல் மட்டமும் அன்றே முடிந்துவிடும். உள்சுவர்ப் பலகையை மூடும் நாள்: ப்ளைவுட், லிஃப்ட் தண்டவாளத்துக்கான மரம், போட்டோ. டைல்ஸ் ஒட்டும் முதல் நாள்: ரசமட்டத்தை ஒவ்வொரு வாசலுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் குளியலறை வாசலில் ஒரு சின்ன மேட்டை வைத்துவிடுவார், "தண்ணி வெளிய வராதுல்ல சார்" என்பார். வாட்டம் சரியாக இருந்தால் மேடு தேவையில்லை. நம்பாவிட்டால், ஒட்டிய டைல்ஸ் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரோடு சேர்ந்தே நின்று பாருங்கள்.